கூலி பெறாத கலையும் அதன் முடிவும்

தமிழர் பேச்சிலே ‘கன்னித்தீவு போல’ என்றொரு வழக்கு உண்டு. முடிவு காணாத நீதிமன்ற வழக்கு, முடிவு காணாத மேம்பாலப் பணி, முடிவு காணாத மாமியார் மருமகள் பூசல் ஆகிய யாவற்றுக்கும் அவ்வுவமை பொருந்தும். 1960-ஆம் ஆண்டில் ‘தினத்தந்தி’ நாளிதழில் தொடங்கிய அந்தப் படக்கதை அறுபது ஆண்டுகளையும் தாண்டி ஓடியது. பாட்டன் படித்ததைப் பேரன் படித்தான். வரைந்த கைகள் மாறின. சிந்துபாத்தின் பயணம் நிற்கவில்லை.

அது நிற்காமைக்குக் காரணம் என்ன? கதையின் சுவை ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதனினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதன் பின்னே ஒரு நாளிதழ் நின்றது. அச்சகம் நின்றது, விற்பனையாளர் படை நின்றது, வரைந்தவருக்குக் கூலி கொடுக்கும் பணப்பெட்டி நின்றது. ஓர் ஓவியர் ஓய்ந்தால் மற்றோர் ஓவியர் வருவார். நிறுவனத்தின் கலைக்கு மூப்பில்லை.

தனியொருவரின் கலைக்கோ மூப்பு உண்டு, நோய் உண்டு, வீட்டு வாடகை உண்டு, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் உண்டு. பலரும் விரும்பிப் படித்த ஒரு படைப்பை, அது ஒரு நாளும் வயிற்றுப் பிழைப்பாக மாறாத காரணத்தால், படைத்தவரே நிறுத்திவிடும் நிகழ்ச்சி இன்று உலகெங்கும் நடக்கிறது. நம் பெங்களூர்த் தமிழ் இல்லங்களிலும் நடக்கிறது. அது தோல்வியா, வீணா, அல்லது வேறு ஏதேனும் பெயர் அதற்குண்டா என்பதை இம்மாதம் நேயர்களோடு சேர்ந்து எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

இணையப் படக்கதை

இணையப் படக்கதை என்பது அச்சுக்குப் போகாத படக்கதை. வரைபவர் தம் வீட்டிலிருந்தே கணிப்பொறியிலோ தாளிலோ வரைந்து இணையத்தில் வெளியிடுகிறார். கைப்பேசி உள்ளவர் எவரும் காசின்றிப் படிக்கலாம். பத்திரிகை ஆசிரியரின் தயவு வேண்டா. கடைக்காரரின் தரகு வேண்டா. இதனால் விளைந்த நன்மை பெரிது. எந்த வார இதழும் ஏற்றிராத கதைகள் வெளிச்சம் கண்டன. நம் பெங்களூரிலேயே 2014-ஆம் ஆண்டில் ஆர்த்தி பார்த்தசாரதி என்னும் திரைப்பட இயக்குநர், பழைய சிற்றோவியங்களில் உள்ள அரசர்க்கும் அரசியர்க்கும் இக்காலத்து உரையாடலை எழுதி, ‘ராயல் எக்சிஸ்டென்ஷியல்ஸ்’ என்ற பெயரில் வெளியிடலானார்.

ஆனால் காசின்றிப் படிக்கலாம் என்பதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. படிப்பவருக்குச் செலவில்லை என்றால், செய்பவருக்கு வரவும் இல்லை என்பது அதன் பொருள். நான்கு கட்டம் கொண்ட ஒரு துணுக்கைப் படிக்க அரை நிமிடம் ஆகும். அதைச் செய்ய எவ்வளவு ஆகும்? முதலில் கருத்து வேண்டும். பின் உரையாடலை எழுதிச் சுருக்க வேண்டும். நான்கு கட்டத்துக்குள் நாற்பது சொல்லுக்கு மேல் அடங்காது. பிறகு பென்சில் கோடு, அதன் மேல் மைக்கோடு, பின்னர் வண்ணம், இறுதியில் எழுத்து. முகத்தில் ஒரு புருவம் தவறினால் நகைச்சுவை அழுகையாகிவிடும். இரண்டு மாலைப் பொழுதுகள் போய்விடும். அலுவலகம் சென்று திரும்புகிறவர்க்கு வாரத்தில் மாலைப் பொழுதுகள் எத்தனை என்பதை நேயர்களே அறிவார்கள்.

வருவாய்க்கு வழி தேடாமலும் இல்லை. ஸ்காட் மெக்கிளவுட் என்னும் அமெரிக்கப் படக்கதை அறிஞர் 2000-ஆம் ஆண்டில் எழுதிய நூலில், படிப்பவர் ஒவ்வொருவரும் சில காசுகளை நேரே கலைஞருக்குச் செலுத்தும் காலம் வரும் என்று நம்பிக்கை கூறினார். அதற்கென ‘பிட்பாஸ்’ என்னும் நிறுவனம் 2003-இல் தோன்றியது. மெக்கிளவுட் தம் படக்கதை ஒன்றைக் கால் டாலர் விலையில் அதன் வழியே விற்றும் காட்டினார். 2007-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அந்நிறுவனம் மூடப்பட்டது. பக்கத்தோரம் விளம்பரம் இட்டு வந்த வரவும் நிலைக்கவில்லை. வாசகர் கூட்டம் கலைஞரின் சொந்தத் தளத்தை விட்டுப் பொதுவான சமூகத் தளங்களுக்குப் பெயர்ந்தது. அங்கே படம் பல்லாயிரம் பேரிடம் கைமாறிப் போகும். வரைந்தவர் பெயர் வழியிலேயே உதிர்ந்துவிடும். சட்டையில் படம் அச்சிட்டு விற்று வாழ்பவர் உண்டு. 2013-இல் தோன்றிய ‘பேட்ரியான்’ போன்ற மாதச் சந்தா முறையால் வாழ்பவரும் உண்டு. எனினும், வரைபவர் கூட்டத்தை நோக்க அவர்கள் சிலரே. மற்றையோர்க்கு அது மாலைநேரத் தொண்டாகவே இருந்து முடிகிறது.

நமக்குத் தெரிந்த ஓர் இளைஞர்

நம் பகுதியில் வாழும் ஓர் இளைஞரைப் பற்றி ஈண்டுச் சொல்லலாம். பெயர் வேண்டா என்பது அவர் விருப்பம். சேலம் மாவட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பகலில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. இரவில் படக்கதை. ஏழு ஆண்டுகள், கிழமைக்கு ஒன்றாக வரைந்தார். நோய், தேர்வு, தங்கையின் திருமணம் எனத் தவறிய கிழமைகள் போக, முந்நூற்று நாற்பதுக்கு மேற்பட்ட துணுக்குகள் சேர்ந்தன.

கதை நம்முடைய கதைதான். ஊரிலிருந்து வந்த பாட்டி ஒருத்தி பெங்களூரில் தள்ளுவண்டிக் காய்கறிக்காரரோடு தமிழிலே விலை பேசுவாள். அவர் கன்னடத்திலே விடை கூறுவார். ஒருவர் சொல் மற்றவருக்குப் பாதிதான் விளங்கும். ஆயினும் இருவரும் இரண்டு ரூபாய்க்காக அரைமணி நேரம் வாதாடி, முடிவில் ஒரு கொத்து கறிவேப்பிலையில் சமாதானம் ஆவார்கள். இதைப் படித்துச் சிரிக்காத தமிழ்க் குடும்பம் இவ்வட்டாரத்தில் இல்லை எனலாம். கடல் கடந்த நாடுகளிலிருந்தும் அவருக்குக் கடிதங்கள் வந்தன. ஏழாண்டில் அவருக்குக் கிடைத்த மொத்த வரவோ ஒரு நல்ல கைப்பேசி வாங்கவும் போதாது.

சென்ற ஆண்டில் தந்தையார் படுத்த படுக்கையானார். அலுவலகத்தில் பொறுப்பு கூடியது. குழந்தை பிறந்தது. இனி வரைய இயலாது என்று இளைஞர் தெளிந்தார். ஆனால் சொல்லாமல் நிறுத்தவில்லை. மூன்று மாதம் முன்னதாக வாசகர்க்கு அறிவித்தார். தொங்கி நின்ற கதைகளையெல்லாம் ஒவ்வொன்றாக முடித்தார். கடைசித் துணுக்கில் பாட்டி, தட்டுத் தடுமாறிக் கன்னடத்தில் விலை கேட்கிறாள். காய்கறிக்காரர் தட்டுத் தடுமாறித் தமிழில் விலை சொல்கிறார். அன்று இருவரும் பேரம் பேசவில்லை. அதன் கீழே ‘முற்றும்’ என்று இருந்தது.

அதைக் கண்டு கண் கலங்கியவர்களை நாம் அறிவோம். அதே வேளையில், ‘ஏழு வருஷம் பாழாய்ப் போயிற்றே! அந்நேரத்தில் ஒரு தேர்வு எழுதியிருந்தால் மேலே போயிருக்கலாமே!’ என்று அன்பினாலேயே வருந்திய உறவினரையும் அறிவோம். அவ்வருத்தத்தை இகழ்வது நம் நோக்கமன்று. ஊர் விட்டு ஊர் வந்து, ஒவ்வொரு ரூபாயையும் எண்ணிச் செலவழித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த தலைமுறை அது. அவர்களுடைய கேள்விக்கு நேர்மையான விடை கூறுதல் வேண்டும். விடை தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் மொழியின் அண்மைக்கால வரலாற்றிலேயே அது இருக்கிறது.

பாரதியாரின் வராத இதழ்

தமிழ்ப் பத்திரிகையில் அரசியல் கேலிச்சித்திரத்துக்கு இடம் தந்த முன்னோடி ‘இந்தியா’ வார இதழ். 1906-இல் சென்னையில் தொடங்கிய அவ்விதழில் பாரதியார் கருத்துச் சொல்ல, ஓவியர் வரைந்த படங்கள் முகப்பிலே வந்தன. எழுத்தறியாதவரும் அரசியலை அறிய வேண்டும் என்பது அதன் நோக்கம். 1908-இல் இதழ் புதுச்சேரிக்குப் பெயர்ந்தது. ஆங்கிலேய ஆட்சிப் பகுதிக்குள் அது நுழையாதபடி தடை வந்தபின் 1910-இல் நின்றது. படங்களுக்கென்றே ‘சித்ராவளி’ என்னும் பெயரில் ஓர் இதழ் நடத்தவும் பாரதியார் எண்ணியிருந்தார். அவ்விதழ் வெளிவரவே இல்லை. தமிழில் படக்கலையின் தொடக்கத்திலேயே நின்றுபோன ஓர் இதழும், பிறவாத ஓர் இதழும் உள்ளன. அவற்றை வீண் என்று இன்று சொல்லத் துணிபவர் யார்?

‘எழுத்து’ கண்ட செல்லப்பா

இப்பொருளுக்கு மிகப் பொருத்தமான சான்று சி. சு. செல்லப்பா. 1912-ஆம் ஆண்டில் பிறந்து, வத்தலக்குண்டு மண்ணில் வளர்ந்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். ‘மணிக்கொடி’ காலத்தில் சிறுகதை எழுத வந்தவர். அவர் 1959-ஆம் ஆண்டு சனவரியில் ‘எழுத்து’ என்னும் மாத இதழைத் தொடங்கினார். இலக்கிய விமரிசனமும் புதுக்கவிதையும் அதன் உயிர். தொடர்கதை இல்லை; திரைப்படச் செய்தி இல்லை; அட்டையில் வண்ணப்படம் இல்லை. வாரப் பத்திரிகைகள் இலட்சக்கணக்கில் விற்ற காலத்தில், அவ்விதழின் சந்தாதாரர் ஆயிரம் பேரைக்கூட எட்டியதில்லை.

அந்தச் சில நூறு பேர் யார் என்பதைப் பார்க்க வேண்டும். வெளியூர் வாழும் நம் போன்றோர்க்கு அதில் தனிச் செய்தி உண்டு. வெங்கட் சாமிநாதன் வடநாட்டில் அரசுப் பணியில் இருந்தவர். தமிழகத்திலிருந்து தொலைவிலிருந்த அவர் விமரிசகராக உருவானது ‘எழுத்து’ இதழில். தருமு சிவராமு என்னும் பிரமிள் ஈழத்துத் திருகோணமலையில் இருந்தவர். இருபது வயதை ஒட்டிய இளைஞர். அவர் குரலைத் தமிழுலகு முதலில் கேட்டது ‘எழுத்து’ வாயிலாக. நாகர்கோவிலில் துணிக்கடை நடத்திய சுந்தர ராமசாமி ‘பசுவய்யா’ என்ற பெயரில் கவிதை எழுத வந்ததும் அங்கேயே. கோயில் நிருவாக அதிகாரியாக வேலை பார்த்து ஓய்ந்த ந. பிச்சமூர்த்தி, பல்லாண்டு இடைவெளிக்குப் பின் கவிதைக்குத் திரும்பியதும் அங்கேயே. இவர்களில் எவரும் எழுத்தை உண்டு வாழ்ந்தவர் அல்லர். பகலில் கடையும் அலுவலகமும், இரவில் கவிதை.

1962-இல் ‘எழுத்து’ கவிதைகளிலிருந்து தேர்ந்து, 24 கவிஞர்களின் படைப்புகளைக் கொண்ட ‘புதுக்குரல்கள்’ என்னும் தொகுப்பைச் செல்லப்பா வெளியிட்டார். யாப்பு இல்லாத கவிதையைக் கவிதை என்று ஒப்ப மறுத்த காலம் அது. இன்று பள்ளிப் பாடநூலிலும் கல்லூரிப் பாடநூலிலும் புதுக்கவிதை இருக்கிறது. அந்த மாற்றத்துக்கு உழைத்த கைகளில் முதன்மையான கை செல்லப்பாவினுடையது.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் வரவில்லை. கைப்பொருளையே அவர் இட்டார். ‘எழுத்து பிரசுரம்’ என்று நூல்கள் பதிப்பித்து, அவற்றைக் கட்டாகக் கட்டித் தோளில் சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றார். இரயில் நிலையங்களில் மூட்டையோடு இறங்கும் வணிகரை நாம் நாள்தோறும் காண்கிறோம். அவர்களுள் ஒருவராக, கதராடை அணிந்த ஓர் எழுத்தாளர், விமரிசன நூல்களையும் கவிதை நூல்களையும் சுமந்து இறங்கியதை எண்ணினால் நெஞ்சம் நெகிழ்கிறது.

ஒரு தனி மனிதரின் தோள் எத்தனை காலம் தாங்கும்? கடைசி ஆண்டுகளில் மாத இதழ் காலாண்டிதழ் ஆயிற்று. 1970-ஆம் ஆண்டில், 119 இதழ்களோடு ‘எழுத்து’ நின்றது. பதினோராண்டுக்கு மேல் ஒருவர் நடத்திய, ஒரு நாளும் அவருக்குச் சம்பளம் தராத வேலை முடிவுற்றது.

முடிந்தபின் நடந்தது

நேயர்கள் கவனிக்க வேண்டியது இனிமேல்தான். இதழ் நின்றபோது செல்லப்பாவுக்கு வயது ஐம்பத்தெட்டை ஒட்டியது. இதழை நிறுத்தினாரே ஒழிய, எழுதுவதை நிறுத்தவில்லை. தம் இளமைக் காலத்து விடுதலைப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு ‘சுதந்திர தாகம்’ என்னும் பெருநாவலை மூன்று பாகங்களாக எழுதினார். எண்பது வயதைத் தாண்டிய நிலையில் அதைத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். 1998-ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார். 2001-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அக்காதெமி விருது அந்நாவலுக்கு, அவர் மறைவுக்குப் பின் வந்தது.

மாதந்தோறும் இதழ் கொண்டுவரும் சுமை இறுதிவரை அவர் தோளிலேயே இருந்திருந்தால் அத்துணைப் பெரிய நாவலுக்கு அவருக்குக் காலம் வாய்த்திருக்குமா? வாய்த்திருக்காது என்றே எண்ணுகிறோம். ஒன்றை முடித்தமையால் மற்றொன்று பிறக்க இடம் கிடைத்தது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ‘எழுத்து’ தொடங்கிய அதே 1959-இல் செல்லப்பா ‘வாடிவாசல்’ என்னும் சிறிய நாவலை வெளியிட்டார். சல்லிக்கட்டு நடக்கும் ஒரே மாலைப் பொழுதின் கதை. அன்று அதை வாங்கியவர் மிகச் சிலர். பின்னர் அது பதிப்புக்கு மேல் பதிப்புக் கண்டது, ஆங்கிலத்துக்கும் போயிற்று. அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றபின், எழுத்தாளர் பெருமாள்முருகன் அதைப் படக்கதைக்கு ஏற்ற வடிவில் அமைத்துக் கொடுக்க, ‘அப்புபென்’ என்னும் புனைபெயர் கொண்ட பெங்களூர் ஓவியர் அதை முழுநூலாக வரைந்தார். கூலி தராத இதழை நடத்திய மனிதரின் காளை, நாம் வாழும் இவ்வூர் ஓவியரின் மையில் மீண்டும் துள்ளி எழுந்தது. விதைத்தவர் அறுவடையைக் காணாமற் போகலாம். விளைச்சல் இல்லை என்று ஆகாது.

நம் பெங்களூரும் இவ்வழியில் தன் பங்கைச் செய்ததுண்டு. 1980-களை ஒட்டிய ஆண்டுகளில் தமிழவன், ஜி. கே. ராமசாமி முதலியோர் ‘படிகள்’ என்னும் சிற்றிதழை இங்கிருந்து நடத்தினர். அதுவும் நின்றது. ஆனால் புதிய திறனாய்வுக் கொள்கைகளைத் தமிழுக்குக் கொணர்ந்த இதழ்களை எண்ணுவோர் அதன் பெயரை விடாமல் எண்ணுகின்றனர்.

வேலையை விடாதவர்

பிற நாட்டிலிருந்தும் ஒரு சான்று காட்டுவோம். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து அரசு மருத்துவமனையில் கோப்புகளை எடுத்து அடுக்கும் எழுத்தராக இருந்தவர் ஹார்வி பீக்கார். அலுவலகக் கோப்புகளோடு நாளைக் கழிக்கும் நம் போன்றோர்க்கு அவர் நெருங்கிய உறவினர் போலத் தோன்றுகிறார். அவருக்கு வரையத் தெரியாது. தம் அன்றாட வாழ்வை, கடையில் வரிசையில் நின்றதையும் மேலதிகாரியோடு பேசியதையும் எழுதி, நண்பர்களைக் கொண்டு வரையச் செய்து, 1976 முதல் ‘அமெரிக்கன் ஸ்பிளெண்டர்’ என்னும் படக்கதை இதழைத் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். புகழ் வந்தது, பெரும் பணம் வரவில்லை. அவர் வேலையை விடவே இல்லை. 2001-இல் ஓய்வு பெறும் வரை கோப்புகளை அடுக்கினார். 2003-இல் அவர் வாழ்க்கை திரைப்படமாகவும் வந்தது.

மற்றொருவர் ஷானன் காரிட்டி என்னும் பெண்மணி. 2000-ஆம் ஆண்டு சூலை இறுதியில் ‘நார்போனிக்’ என்னும் இணையப் படக்கதையைத் தொடங்கினார். சப்பானியப் படக்கதைகளை ஆங்கிலத்தில் செப்பம் செய்யும் வேலை அவருக்குப் பிழைப்பு. ஆறு ஆண்டுகளுக்கு மேல் நாள்தோறும் வரைந்து, 2006-ஆம் ஆண்டின் கடைசி நாளில் கதையை அதன் முறையான முடிவுக்குக் கொணர்ந்து நிறுத்தினார். பின்னர் வேறு கதைகளைத் தொடங்கினார்.

வாழ்க்கைக்கு ஒரு வேலையும் உள்ளத்துக்கு ஒரு வேலையும் வைத்துக்கொள்ளுதல் இழிவன்று என்பது இவர்களிடம் நாம் கற்கும் பாடம். பிழைப்பாக மாறினால்தான் கலை என்னும் எண்ணம் அண்மையில் தோன்றிய எண்ணம். நம் ஊர்த் தெருக்கூத்தில் இராசா வேடம் கட்டியவர் மறுநாள் காலை ஏர் பிடித்தார். அவர் இராசா அல்லர் என்று யாரும் சொன்னதில்லை.

முடிக்கும் முறை

நிறுத்துவது என்று துணிந்த படைப்பாளி செய்யத்தக்கவை சில உள. முதலாவது, சொல்லாமல் மறைதல் கூடாது. வரவேண்டிய வண்டி வராது என்பதை அறிவிக்காமல் பயணிகளை நடைமேடையில் காத்திருக்க வைப்பது எத்துணைத் துன்பம் என்பதை இருப்புப்பாதை ஊழியர்களாகிய நாம் நன்கு அறிவோம். வண்டி நின்றுவிட்டது என்ற செய்தியினும், செய்தியே இல்லாமைதான் பயணியை வாட்டும்.

இரண்டாவது, கதையை முடித்து நிறுத்த வேண்டும். முழு முடிவுக்கு நேரமில்லையெனில், இன்னின்னார்க்கு இன்னது ஆயிற்று என்று ஒரு பக்கம் எழுதியேனும் வைக்க வேண்டும். ஏழாண்டு உடன் வந்த வாசகர்க்கு அது செலுத்த வேண்டிய கடன்.

மூன்றாவது, செய்தவற்றைக் காக்க வேண்டும். இணையத்து இடத்துக்கு ஆண்டு வாடகை உண்டு. வாடகை நின்றால் படைப்பும் மறையும். அச்சிட்ட இதழாவது ஒரு பழைய புத்தகக் கடையில் கிடைக்கும். இணையத்தில் அழிந்தது அழிந்ததே. ஆகையால் மூலப் படங்களின் படிகளை இரண்டு மூன்று இடங்களில் வைத்தல் நன்று. இயன்றால் ஐம்பது பிரதியாவது அச்சிட்டு, நூலகத்துக்கும் நண்பர்க்கும் கொடுத்தல் அதனினும் நன்று.

நான்காவது, தன்னைத் தானே இகழ்ந்து விடைபெறக் கூடாது. ‘பயனற்ற வேலை செய்தேன்’ என்று படைத்தவரே சொன்னால், அதைப் படித்து மகிழ்ந்தவரின் மகிழ்ச்சியும் பயனற்றது என்று சொன்னதாக ஆகும். அவ்வுரிமை அவருக்கு இல்லை.

நம் கடமை

படிப்பவர்களாகிய நமக்கும் கடமை உண்டு. ஒரு படைப்பு நின்ற பிறகு ‘ஐயோ’ என்பது எளிது. நடக்கும்போது ஒரு வரி எழுதுவதும், ஒரு சந்தா கட்டுவதும் அரிது. மெக்கிளவுட் கனவு கண்ட சில்லறைக் கட்டணம் அன்று இயலாமற் போயிற்று. இன்று நம் நாட்டில் பத்து ரூபாய் தேநீருக்கும் கைப்பேசியாலேயே பணம் செலுத்துகிறோம். தெருமுனைத் தேநீருக்கு நீளும் கை, வாரந்தோறும் நம்மைச் சிரிக்க வைத்த ஓவியருக்கு ஏன் நீளவில்லை? சிவகாசியிலிருந்து வரும் ‘முத்து’, ‘லயன்’ காமிக்ஸ் இதழ்களை எண்ணிப் பாருங்கள். இடையே தளர்ந்த அவை 2012-க்குப் பின் மீண்டும் தழைத்ததற்கு, முன்பணம் கட்டிய சந்தாதாரர்களின் பற்று பெருந்துணையாயிற்று. வாசகர் நினைத்தால் சிலவற்றையேனும் நிலைக்கச் செய்யலாம்.

குடும்பத்தாரின் கடமை இன்னும் நுட்பமானது. பிள்ளை இரவில் விளக்கை எரியவிட்டு வரைகிறான் என்றால், வேலையையும் உடல்நலத்தையும் கெடுத்துக்கொள்ளாதே என்று சொல்லும் உரிமை பெற்றோர்க்கு உண்டு. அதனால் என்ன வருவாய் என்று கேட்கும் உரிமையும் உண்டு. ஆனால் வருவாய் இல்லை என்ற விடை கிடைத்தவுடன் ‘அப்படியானால் வீண்’ என்று தீர்ப்பளிக்கும் முன் ஒரு கணம் நிற்க வேண்டும். அயலூரில் பிறந்து, தமிழ் எழுத்தைப் பள்ளியில் கற்க வாய்ப்பில்லாத நம் குழந்தைகளில் பலர், கைப்பேசியில் வரும் இத்தகைய படக்கதைகளின் நான்கு வரி உரையாடலைக் கூட்டிப் படித்தே தமிழ் எழுத்தை அறிகின்றனர். அவ்வாசிரியருக்குச் சம்பளம் கொடுத்தவர் யார்? நம்மில் ஒருவரும் இலர்.

சங்கங்களும் இதில் செய்யக்கூடியது உண்டு. ஆண்டு விழாவில் பாட்டுக்கும் நடனத்துக்கும் பட்டிமன்றத்துக்கும் மேடை தருகிறோம். வரைபவர்க்கு ஒரு சுவரேனும் தரலாம். நம் இல்லங்களில் உள்ள இளைஞர் வரைந்த படக்கதைகளைப் பொங்கல் விழாவில் காட்சிக்கு வைக்கலாம். நின்றுபோன ஒரு படக்கதையைச் சிறு நூலாக அச்சிட, நூறு குடும்பங்கள் ஆளுக்கு ஐம்பது ரூபாய் தந்தால் ஐயாயிரம் ரூபாய் சேரும்; சிறு அளவில் பிரதிகள் எடுக்க அது ஒரு தொடக்கமாகும். கேலிச்சித்திரக் கலைக்கென்றே ஒரு காட்சிக்கூடம் மகாத்மா காந்தி சாலையை அடுத்து 2007-இல் திறக்கப்பட்டதை நம்மில் பலர் அறியார். பிள்ளைகளை விடுமுறை நாளில் அத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்லலாம்.

இறுதியாக ஒரு சொல். எத்தனை ஆண்டு ஓடியது, எவ்வளவு சம்பாதித்தது என்னும் இரண்டு அளவுகோல்களால் மட்டும் ஒரு படைப்பை அளத்தல் தகாது. யார் யார் உள்ளத்தில் அது குடியேறியது, யார் யாரை எழுதவும் வரையவும் தூண்டியது என்பதும் ஓர் அளவுகோலே. அவ்வளவுகோலால் அளந்தால் 119 இதழ்களோடு நின்ற ‘எழுத்து’ நீண்ட ஆயுள் பெற்ற இதழ். முந்நூற்று நாற்பது துணுக்குகளோடு நின்ற படக்கதையும் குறை ஆயுள் பெற்றதன்று.

நம் வீடுகளில் எவரேனும் இன்று அத்தகைய ஒரு வேலைக்கு ‘முற்றும்’ எழுதிக்கொண்டிருக்கலாம். அவருக்கு ஆறுதல் கூற வேண்டா. அருகில் அமர்ந்து, முதல் பக்கத்திலிருந்து ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அது போதும்.